இடது பக்கத்து வெல்டிங்

சிவமயம்
மல்வேர்ன், ஸ்காபரோ
09.03.2024

அன்புள்ள தம்பி அருள்நாயகத்துக்கு,

முருகன் புண்ணியத்தில் இந்த வீட்டில் காய்ச்சல் தடிமன் ஒன்றுமில்லை. உன் அத்தானின் இரத்தச் சீனி மட்டும் ஏறி இறங்கி விளையாடுகிறது. நீ தனி ஆள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நானும் நீயும் மூன்றாவது நிமிடத்தில் சண்டை பிடிக்கிறோம். போன தீபாவளிக்கு ஹலோவிலேயே தொடங்கிவிட்டது. கடிதமென்றால் நீ இருக்கிற வின்சருக்குப் போய்ச் சேர நாலு நாள். அதற்குள் எழுதினவளுக்கே கோபம் ஆறிவிடும். ஆகவே இனி எழுத்தில்தான்.

நீ செய்து அனுப்பிய சைக்கிள் பிரேம் வந்து சேர்ந்தது. கார்த் தொழிற்சாலை வேலையை நீயாகவே விட்டுவிட்டு, கராஜுக்குள் இருந்து ஆளின் அளவுக்குப் பிரேம் செய்யப்போகிறேன், கடை விலையில் பாதிக்கும் குறைவு என்று நீ சொன்னபோது முதல் ஓடர் தந்தவள் நான். டொக்டரும் அத்தானைச் சைக்கிள் ஓடச் சொல்லியிருந்தார். பெயின்ற் அருமை, மயில் கழுத்து நீலம். நீல்சன் வீதிச் சைக்கிள் கடைக்காரர் சில்லும் ஹாண்டிலும் பூட்டித் தந்தார். அத்தான் ஏறினார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அவர் மிதித்ததைப் பார்த்தால் தவளை நீந்துவது போலிருந்தது. முன்வீட்டுக்காரி கதவைச் சாத்திப்போட்டு உள்ளே நின்று சிரித்தாள்.

"இது எனக்குச் செய்ததோ, என்ரை பேரனுக்குச் செய்ததோ?" என்று கேட்டார். எங்களுக்குப் பேரன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நான் அனுப்பிய கால் அளவு முப்பத்திரண்டு அங்குலம். ஒரு புத்தகத்தைக் காலுக்கு நடுவில் வைத்து அளக்கச் சொல்லி எழுதியிருந்தாய். புத்தகம் சரஸ்வதி, அதை அங்கே வைக்க மாட்டேன். இடியப்பத் தட்டை வைத்து, சுவரோடு நிற்கவிட்டு, மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் ஒரே அளவு. எங்கே போனது இரண்டு அங்குலம்?

மறுமொழி போடு. குளிர் இன்னும் விடவில்லை, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா
தவமணி

*

வின்சர்
20.03.2024

அன்பின் அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். மூன்று நேரமும் சாப்பிடுகிறேன், அதில் ஒரு நேரம் சமைத்தும் சாப்பிடுகிறேன். அத்தானின் சீனி இறங்கட்டும்.

இரண்டு அங்குலத்தையும் எடுத்தவன் நான்தான். சிறு வயதிலிருந்து நீங்கள் எனக்குத் தைத்த சட்டை எல்லாம் இரண்டு அங்குலம் பெரிது. கேட்டால் "வளருற பிள்ளைக்கு விட்டுத்தான் தைக்கவேணும்" என்பீர்கள். எனக்கு நாற்பது வயதில் தைத்துத் தந்த சட்டைக்கும் விட்டீர்கள். முப்பத்திரண்டு என்று உங்கள் எழுத்தைக் கண்டதும், அக்கா வழக்கம்போல் விட்டுத்தான் எழுதியிருக்கிறா என்று நினைத்து முப்பதுக்குச் செய்தேன். இந்த முறை விடவில்லை என்றால் அதை ஒரு வரி எழுதியிருக்கலாமே.

வேறொன்று செய்து அனுப்புகிறேன், காசு வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா. அளவு பிழைக்கலாம், வெல்டிங் பிழைக்காது. இருபத்தாறு வருடம் காரின் அடிச்சட்டம் ஒட்டிய கை இது. மலிவு என்றால் மட்டம் என்று நினைக்கிற ஆட்களுக்கு என் பிரேமைக் காட்டுங்கோ. நான் பெயின்றிலும் பெட்டியிலும்தான் மிச்சம் பிடிக்கிறேன், ஒட்டில் பிடிக்கவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

தம்பி
அருள்

*

சிவமயம்
மல்வேர்ன்
28.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

சித்திரை வெயில் இந்த ஊருக்கும் எட்டிப் பார்த்திருக்கிறது. என் முழங்கால் நோவு குறைவு. உன் சுகத்தை இந்த முறை ஒரு வரியில் முடிக்காமல் விபரமாக எழுது.

இரண்டாவது பிரேம் அச்சாவாக இருக்கிறது. அத்தான் ஏறி இருந்தால் மாப்பிள்ளை குதிரையில் இருந்தது மாதிரி. தினம் காலை ஆறு மணிக்கு ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. வயதான காலத்தில் மனுசனுக்கு மீசையை முறுக்கிவிடும் பழக்கமும் வந்திருக்கிறது. சீனி எட்டரையிலிருந்து ஏழுக்கு வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் சைக்கிளில் வந்தார். நிர்வாக சபைத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, உது எங்கை வாங்கினது?" "என்ரை தம்பி செய்தது, அண்ணை." "உங்கடை தம்பியோ? எனக்கும் ஒண்டு செய்வாரோ? என்ரை உடம்பைத் தாங்குமோ?" அவரை உனக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்தால் கதிரை முதலில் கும்பிடும். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "யானையே ஏறலாம் அண்ணை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

செப்டெம்பர் எட்டாம் தேதி அன்னதான மண்டபக் கூரைக்காகக் கோயில் ஆட்கள் சைக்கிள் ஓட்டம் வைக்கிறார்கள். கோயிலிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் முப்பது கிலோமீற்றர். நிர்வாக சபையில் நாலு பேர் உன்னிடம் பிரேம் செய்ய ஒத்துக்கொண்டார்கள். நாலு பேரின் அளவும் இத்துடன் இருக்கிறது. ஒன்றுக்கும் விடவில்லை, விடவில்லை, விடவில்லை. மூன்று தரம் எழுதியிருக்கிறேன். தலைவருக்கு மட்டும் அளவு நாடா பற்றாமல் இரண்டை முடிந்தேன். முடிச்சுக்குப் போன அரை அங்குலத்தைக் கழித்தாயிற்று.

இன்னொன்று. உன் கடிதத்தில் தாளின் இடது பக்கம் மூன்று விரல் அகலம் வெறுமையாகக் கிடக்கிறது. கீழே போகப்போக ஐந்து விரலாகிறது. வின்சரில் தாள் மலிவோ?

அன்புடன்
அக்கா

*

வின்சர்
11.05.2024

அன்பின் அக்கா,

அத்தான் மீசை முறுக்குகிறார் என்று வாசித்துத் தனியே இருந்து சிரித்தேன். என் சுகத்தை விபரமாகக் கேட்டிருந்தீர்கள்: தலை நலம், கழுத்து நலம், வயிறு நலம், கால் நலம். போதுமா?

நாலு ஓடர்! அக்கா, உண்மையாகச் சொல்கிறேன், இதை நான் எதிர்பார்க்கவில்லை. தொழிற்சாலையை விட்ட பிறகு காலையில் எழும்பி எங்கே போவதென்று தெரியாமல் கராஜுக்குள் போய் நின்றவன் நான். இப்போது ஏழு மணிக்கே முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். ஜூன் கடைசியில் நாலையும் அனுப்புவேன்.

உங்கள் தலைவரின் நிறையை எழுதவில்லையே? கேட்க வெட்கமென்றால் அவர் என்ன காரில் வருகிறார், அது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று எழுதுங்கோ, நான் கணக்குப் பார்ப்பேன். எதற்கும் அவருக்குத் தடித்த குழாய் போடுகிறேன்.

தாளைப் பற்றி: கட்டி வைக்க இடம் விட்டேன். உங்கள் கடிதங்களைத் துளை குத்திக் கோவையில் கட்டுகிறேன், என்னுடையதையும் அப்படி நீங்கள் போடலாமென்று.

கோயிலில் எனக்கும் ஒரு அர்ச்சனை செய்யுங்கோ. நட்சத்திரம் உங்களுக்குத் தெரியும், எனக்குத்தான் மறந்துவிட்டது.

தம்பி அருள்

*

சிவமயம்
மல்வேர்ன்
06.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் பூரட்டாதி, எழுதி வை. வெக்கை தாங்கவில்லை, மோர் நிறையக் குடி.

நாலு பிரேமும் புதன்கிழமை வந்தன. இருக்கிற அறையில் சோபாவைத் தள்ளிவிட்டு நாலையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். வீடு மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கிறது. அளவு எல்லாம் சரி. ஆனால் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்தவள் நான். அப்படியே தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. வாசிகசாலையில் சைக்கிள் பிரேம் பற்றிய ஒரு புத்தகம் எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அதிலுள்ள இங்கிலிஷ் பாதிதான் விளங்கியது, மிச்சத்தைப் படங்கள் சொல்லின. ஒட்டில் வெடிப்போ பள்ளமோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாதாம், பஞ்சால் தடவினால் நார் மாட்டுமாம். பஞ்சுக்கு எங்கே போவது? விளக்குத் திரிக்கு வாங்கி வைத்தது இருந்தது. சாமியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுத்தேன்.

குழாயோடு குழாய் சேருகிற இடம் ஒவ்வொன்றையும் தடவி ஒரு கொப்பியில் எழுதினேன். வலது பக்கத்து ஒட்டு கட்டிய பூச்சரம் மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, எவ்வளவு வடிவு! பஞ்சு வழுக்கிக்கொண்டு ஓடியது. இடது பக்கம், பால் பொங்கி வழிந்து காய்ந்த சட்டியின் விளிம்பு. நாலு பிரேமிலும் பஞ்சு மாட்டியது. தலைவரின் பிரேமில், முன் கழுத்துக்குக் கீழே, ஒரு திரிக்குப் போதுமான பஞ்சு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அத்தான் ஓடுகிறதையும் தடவினேன். அதுவும் இடது பக்கம்தான், கொஞ்சம் குறைவு.

அத்தானின் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. மனுசன் என்னோடு கதைப்பதில்லை. இன்றைக்கு முழு நாளும் மூன்று வடையோடு ஜன்னலில் இருந்தார்.

வலது பக்கத்தைச் சாமிக்கும் இடது பக்கத்தை ஆருக்கோவும் செய்தாயா? அலட்சியமா, அவசரமா? பெயின்றிலும் பெட்டியிலும்தான் மிச்சம் என்று எழுதினவன் நீ. மறுமொழி உடனே வேண்டும்.

அக்கா

*

வின்சர்
15.07.2024

அக்காவுக்கு,

மோர் குடிக்கிறேன். சுகம்.

இருபத்தாறு வருடத்தில் என் ஒட்டை எக்ஸ்-றே பிடித்துப் பார்த்திருக்கிறார்கள், அல்ட்ராசவுண்ட் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சு பிடித்துப் பார்த்தது நீங்கள்தான். கடையில் வாங்குகிற மலிவுச் சைக்கிளை ஆராவது பஞ்சால் தடவிப் பார்த்தார்களா? அங்கே தடவினால் மெத்தையே தைக்கலாம்.

சரி, இடது பக்கம் கொஞ்சம் முரடாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. கராஜ் கதவு என் இடது பக்கம். ஆற்றுக் காற்று அந்தப் பக்கத்தால் அடிக்கிறது. ஒட்டும்போது ஒட்டை மூடிக் காக்கிற காஸை அள்ளிக்கொண்டு போய்விடும். அதோடு இந்த முறை வந்த காஸ் சிலிண்டரும் சரியில்லை. குழாயும் புதுக் கடையில் வாங்கினது. வெக்கை வேறு, முகக்கவசத்துக்குள் வேர்வை வழிகிறது.

ஆனாலும் நீங்கள் வாக்குக் கொடுத்தவர், உங்கள் பெயர் கெடக்கூடாது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, வெல்டிங் மெஷினை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே ஓடி வருகிறேன். உங்கள் கராஜில் வைத்து இடது பக்கம் முழுவதையும் திருத்திப் பூசித் தருவேன். அதுவரைக்கும் ஆரிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். இது என் தொழில் அக்கா. தொடக்கத்திலேயே ஒரு சொல் விழுந்தால் பிறகு எழும்ப மாட்டேன்.

அருள்

*

சிவமயம்
மல்வேர்ன்
21.07.2024

என் அருமைத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை இருந்துகொண்டு வாசி. தண்ணீர் குடித்துவிட்டு வாசி.

உன் காற்றுக் கதையை முதலில் நம்பினேன். காற்றைக் குற்றம் சொல்ல எனக்கும் விருப்பம்தான். ஆனால் அத்தானின் பிரேம் நீ மார்ச் மாதக் குளிரில் செய்தது. குளிருக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பாயா? காற்று எங்கால் வந்தது?

நேற்றுப் பூசை முடித்துவிட்டுக் கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். ஐந்து பிரேம்: இடது, இடது, இடது, இடது, இடது. அலட்சியமாகச் செய்கிறவனுக்குப் பக்கம் தெரியாது தம்பி, அவன் எங்கும் பிழை விடுவான். பிறகு உன் கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். மார்ச்சில் இடது பக்கம் மூன்று விரல் வெறுமை. மே மாதம் நாலு. இந்தக் கடைசிக் கடிதத்தில் நீ தாளின் நடுவில் தொடங்குகிறாய். கோவைக்கு இவ்வளவு இடம் விட்டால் எழுதுவதற்கு வேறு தாள் வேண்டும்.

சுகத்தை விபரமாகக் கேட்டபோது தலை, கழுத்து, வயிறு, கால் என்று எழுதினாய். கண்ணை எழுதவில்லை.

இப்போது நான் சொல்வதைச் செய். சுவரில் தொங்குகிற கலண்டருக்கு முன்னால் நில். வலது கண்ணைக் கையால் மூடு. என்ன தெரிகிறதென்று எனக்குப் பொய் எழுதாதே, உனக்கு நீயே சொல்லு. தொழிற்சாலையில் வருடா வருடம் கண் பார்ப்பார்கள் என்று முன்பு நீதான் சொன்னாய். நீயாகவா விட்டாய்?

வானைத் தொடாதே. 401 நெடுஞ்சாலையில் உனக்கு இடப்பக்கம் எத்தனை லொறி ஓடும், நினைத்துப் பார். சொன்னால் உன் தொழில் போகும், சொல்லாவிட்டால் ஆரோ ஒருவரின் எலும்பு போகும். இரண்டுக்கும் நடுவில் நான் இருந்து திரி உருட்டுகிறேன்.

இங்கே கண் டொக்டர் ஜனார்த்தன் எங்கள் ஆள், நல்ல குணம். ஆகஸ்ட் ஆறாம் தேதிக்கு உன் பெயரில் நேரம் எடுத்துவிட்டேன். கோபிக்காமல் வா.

உன் அக்கா
தவமணி

*

26.07.2024

எனக்கு ஒரு குறையும் இல்லை. கலண்டர் வடிவாகத் தெரிகிறது. சனிக்கிழமை காலை வானில் வெளிக்கிடுவேன்.

அருள்நாயகம்

*

சிவமயம்
மல்வேர்ன்
30.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை. இந்த முறை விசாரிப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் சேர்க்கும் தபாலில் கூடக் காசு கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் இருக்கவேண்டும்.

நேற்றுக் கோயிலுக்குப் போய்த் தலைவரிடம் சொல்லிவிட்டேன். ஓம், சொல்லிவிட்டேன். "அண்ணை, பிரேம் நாலும் வந்திட்டுது. ஆனால் தரமாட்டன்." "ஏன் தங்கச்சி? நான் கச்சையும் வாங்கிப்போட்டனே!" சைக்கிள் ஓடப் போடுகிற இறுக்கமான காற்சட்டையைத்தான் சொன்னார். "இடது பக்கத்து வெல்டிங் பிழைச்சுப் போச்சுது. யானை ஏறலாம் எண்டு சொன்னது நான். இப்ப பூனையும் ஏறக்கூடாது எண்டு சொல்லுறதும் நான்." அவர் கோபுரத்தைப் பார்த்தார். "உங்கடை தம்பிக்குத் தெரியுமோ?" "ஓம், தெரியும்." "அப்ப ஏன் நீங்கள் வந்து சொல்லுறியள்?" கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கண்ணைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அது உன்னுடையது.

ஆகவே இனி நீ அவசரப்பட்டு வந்து திருத்துவதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை வானில் வந்தாயானால் கதவு திறக்கமாட்டேன். வாசலில் நின்று எவ்வளவு கத்தினாலும் தேவாரத்தைச் சத்தமாகப் போட்டுவிடுவேன். ரெயினில் வந்தாயானால் அத்தான் யூனியன் ஸ்டேசனில் நிற்பார். பின்னேர ரெயின் எப்போது வருகிறதென்று பார்த்து வைத்திருக்கிறார். நீ வராவிட்டாலும் நிற்பார். அவருக்கு இப்போது சைக்கிளும் இல்லை, வேறு வேலையும் இல்லை.

அன்னமிட்ட கை சொல்கிறது, கேள்.

அக்கா

*

பேஸ்மென்ட்
மல்வேர்ன்
19.08.2024

அன்பின் அக்காவுக்கு,

மேல்மாடியில் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். கீழே நானும் சுகம். பதினாலு படிக்கு இடையில் கடிதம் என்று சிரிக்கவேண்டாம். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் வாய் திறந்ததும் என்ன நடந்ததென்று தெரியும். அத்தானின் பிரஷர் மாத்திரையும் முடிகிறதாம்.

அன்றைக்கு நான் ரெயினில் வந்தது உங்கள் கடிதத்துக்குப் பயந்து என்று நினைத்திருக்கிறீர்கள். இல்லை. சனிக்கிழமை காலை மெஷினை ஏற்றி, வானைப் பின்னுக்கு எடுத்தேன். தடாரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது பக்கத்தில் பக்கத்து வீட்டுக் கிளிபோட்டின் குப்பை வாளி, சப்பளிந்து கிடக்கிறது. அந்த மனுசன் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அருள், நான் இப்பதான் அதை வைச்சிட்டு இங்காலை வந்தனான்" என்றார். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். எனக்கு வாளியும் தெரியவில்லை அக்கா, அவரும் தெரியவில்லை. சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு ரெயினுக்குப் போனேன்.

தொழிற்சாலையை நானாக விடவில்லை. கண் சோதனைக்குப் பிறகு அவர்கள்தான் நிறுத்தினார்கள்.

டொக்டர் ஜனார்த்தன் சொன்னதை உங்களுக்கு முழுவதும் சொல்லவில்லை. இடது கண்ணில் அமுக்கம் கூடி நரம்பு போய்விட்டது, போனது வராது. வலது கண் தப்பியிருக்கிறது, மருந்துத் துளி ஒழுங்காக விட்டால் இருக்கும். வெல்டிங் செய்யலாமோ என்று கேட்டேன். "செய்யலாம். ஆனால் தெரியிற பக்கத்திலை வைச்சுச் செய்யுங்கோ. தெரியாததைத் தெரியும் எண்டு நினைச்சுச் செய்யாதேங்கோ" என்றார். வான் இனி இல்லை. லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கும் தாளில் இன்றைக்குக் கையெழுத்து வைத்தேன்.

அதோடு, நேற்று நீங்கள் கோயிலுக்குப் போன நேரம் கராஜில் இரும்பறுக்கும் வாளை எடுத்து ஐந்து பிரேமின் இடது ஒட்டையும் அறுத்துப் பார்த்தேன். அத்தான்தான் பிடித்துக்கொண்டார். தன் சைக்கிளை அறுக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார், பாவம். நாலு உள்ளே நல்லது. வெளியே அசிங்கம், உள்ளே பிடித்திருக்கிறது. தலைவருடையது வெறும் பூச்சு, அக்கா. கழுத்துக்குக் கீழே தாள் தடிப்புக்குத்தான் பிடித்திருந்தது. ஏரிக்கரைக்கு இறங்குகிற அந்தச் சரிவில் அவர் போயிருந்தால்...

பின்னேரம் அவர் வீட்டுக்கு நானே போனேன். அறுத்த துண்டைக் கையில் கொடுத்து, கண்ணையும் சொல்லி, எல்லாம் சொன்னேன். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நான் கச்சையும் வாங்கிப்போட்டன்" என்றார். பிறகு தேத்தண்ணி தந்தார். மகனின் சைக்கிளில் ஓடப்போகிறாராம். ஏறியும் காட்டினார். உங்கள் தவளை தோற்றுவிடும்.

வெள்ளிக்கிழமை வின்சருக்குத் திரும்புகிறேன். மெஷினை விற்கலாம் என்று யோசனை. கை இன்னும் வேலை கேட்கிறது, திருப்பி வைத்து ஒட்டப் பழகவும் எனக்குத் தெரியும். ஆனால் இனி நான் செய்த சைக்கிளில் ஆர் ஏறப்போகிறார்கள்?

தம்பி
அருள்

*

சிவமயம்
மேல்மாடி
19.08.2024, பின்னேரம் நாலு மணி

என் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படியில் வைத்துவிட்டுப் பூனை மாதிரி இறங்கிப் போனதையும் கண்டேன். மேலே சுகம். மருந்துத் துளி விட்டாயா? விட்டால் மட்டும் மேற்கொண்டு வாசி.

இந்த முறை தாளின் விளிம்பிலிருந்தே தொடங்கியிருக்கிறாய். விரலால் தடவிப் பார்த்துத் தொடங்கினாயாக்கும். அப்படித்தான் இனி எல்லாம்.

ஆர் ஏறுவார்கள் என்று கேட்டாய். நான் ஏறுவேன்.

சிரிக்காதே. அறுபத்தொரு வயதில் சைக்கிள் ஓடத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். அத்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார், அவருக்கு அதுவும் சீனிக்கு நல்லது. சேலை கட்டிக்கொண்டு ஏறுவதால் நடுக்குழாயைத் தாழ்த்தி வளைத்து வை. நிறம் அரக்கு. எங்கள் கராஜிலேயே செய். மெஷினைக் கிளிபோட் லொறியில் ஏற்றி அனுப்புவாராம், உன் கடிதத்தை வாசித்ததும் அவரோடு நான் போனில் கதைத்தேன். நல்ல மனுசன், அவருக்குப் புது வாளி வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஆள் வைத்திருக்கிறேன்.

பிரேமைத் திருப்பித் திருப்பி வை. ஒவ்வொரு ஒட்டும் உன் வலது பக்கத்துக்கு வரவேண்டும். எவ்வளவு நாள் செல்லும் என்று நான் கேட்கமாட்டேன். பஞ்சு நான் தடவுவேன். மாட்டினால் உன் முன்னாலேயே அறுப்பேன், மூன்று தரம் மாட்டினால் மூன்று தரமும் அறுப்பேன். மாட்டாவிட்டால், ஊரே பார்க்க, நீல்சன் வீதியில் விழுந்தாலும் பரவாயில்லையென்று ஏறுவேன். ஆனால் உன் பிரேமால் விழமாட்டேன். அத்தான் கையை விட்டால்தான் விழுவேன்.

என் அளவு உனக்குத் தெரியாது, நானும் எழுதித் தரமாட்டேன். அளவு நாடாவோடு நீயே மேலே வா. ஐந்து மணிக்குப் பிறகு இந்த அறையில் வெளிச்சம் போய்விடும்.

உன் அக்கா
தவமணி